கருப்பனைக் குளிப்பாட்டாத கதை

கேட் போட்டுட்டான் சார். இனி கூட்ஸ் வண்டி போவணும், அதுக்குப் பொறத்தால பாசஞ்சர் போவணும், பெறவுதான் தொறப்பான். கொறஞ்சது இருபத்தஞ்சு நிமிசம். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. வைவா பதினோரு மணிக்குத்தான, இப்பம் ஒம்பதரைதான் ஆவுது. கேட்டத் தாண்டுனா காலேஜ் பத்து நிமிசம். டிரைவர் டீ குடிக்க எறங்கிட்டாரு பாருங்க, அவருக்கு இந்தக் கேட் நம்மளவிடப் பழக்கம். கண்ணாடிய எறக்கி விட்டுக்கிடுங்க சார், காத்து வரும்.

என் பேரு தளவாய். கெமிஸ்ட்ரி டிப்பார்ட்மெண்ட்ல லேப் அட்டெண்டர். இருபத்தாறு வருசம் ஆச்சு. வெளியூர்லேந்து வைவாவுக்கு வாற பெரிய ஆட்கள ஜங்ஷன்ல போயி கூட்டிட்டு வாறது என் சோலிதான். இதுவரைக்கும் பத்தொம்பது பேர கூட்டிட்டு வந்துருக்கேன். ஒருத்தரும் அங்க வந்து புள்ளைகளக் கேள்வி கேட்டுக் கொடுமப்படுத்துனது கெடையாது. வண்டியிலயே மனச நெறைச்சுக் கூட்டிட்டு வந்துருவேன்.

ஆனா இன்னைக்கு எனக்கு உத்தரவு வேற. நெல்லைநாயகம் சார், அதான் அந்தப் புள்ளையோட கைடு, காலையிலயே என்னையக் கூப்புட்டு, "தளவாய், வண்டியில வெயிலப் பத்திப் பேசு, தாமிரவருணியப் பத்திப் பேசு. லேப் பத்தி ஒரு வார்த்த பேசப்பிடாது"ன்னு சொல்லிட்டாவ. சரி, வெயிலப் பத்திப் பேசுவோம். இந்த வருசம் வெயில் கூடுதல்தான். தாமிரவருணியில தண்ணி கெடக்கு.

முடிஞ்சுதா? இனி இருபத்தி நாலு நிமிசம் என்ன செய்ய?

அந்தத் தீசிஸ்தான உங்க மடியில இருக்கு? நீலக் கலர் அட்டை, தெரியுதே. எவ்வளவு சீட்டு ஒட்டி வச்சிருக்கீங்க. அதுல ஒவ்வொரு சீட்டும் ஒரு கேள்வியா சார்? யம்மா. அப்பம் நான் பேசித்தான் ஆவணும். நெல்லைநாயகம் சார் கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாவ. செண்பகவல்லியப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லாம உங்கள உள்ள விட்டேன்னா நான் மனுசனே இல்ல. தங்கமான புள்ள சார். கோவில்பட்டிக்காரி. ஏழு வருசம் எங்க லேப்ல கெடந்து மாரடிச்சிருக்கா. தூத்துக்குடியில ஒரு காலேஜ்ல வேலையும் ரெடியா இருக்கு, ஜூன் ஒண்ணாந் தேதி சேரணும். பட்டம் கையில இருந்தாத்தான் சேத்துக்கிடுவாங்களாம். அது இன்னைக்கு உங்க கையிலதான் இருக்கு.

நீங்க பெரிய சயின்டிஸ்ட், உங்களுக்கு நான் கெமிஸ்ட்ரி சொல்லக்கூடாது. ஆனாலும் நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுதேன், தப்பா இருந்தாத் திருத்துங்க. ரெண்டு துண்டு மருந்த ஒட்டணும். சும்மா பக்கத்துல பக்கத்துல வச்சா ஒட்டாது. நடுவுல ஒரு தரகர் வேணும். ரெண்டு வீட்டையும் சேத்து வச்சுட்டு, தாலி கட்டுனதும் வெத்தலைய மென்னுக்கிட்டே வெளிய போயிருவாருல்லா, அந்த மாதிரி. வினையூக்கின்னு போர்டுல எழுதிருப்பாவ. இந்த ஒட்டுற சோலிக்கு ஊர் உலகத்துல எல்லாரும் வச்சிருக்க தரகர் பல்லேடியம். தங்கம் மாதிரி வெல. அது போக, அத மருந்துலேந்து எடுக்கது பாடு, கழிவக் கொட்டுனா பூமிக்குக் கேடு. சரிதானா?

நெல்லைநாயகம் சார் என்ன சொன்னாவன்னா, பல்லேடியமும் வேண்டாம், நாத்தம் புடிச்ச சால்வென்டும் வேண்டாம். பச்சத் தண்ணி போதும், தரகரா பனங்கொட்டைக் கரி போதும். நம்ம ஊருல பனங்கொட்டைக்கா பஞ்சம்? இந்தப் புள்ள உடங்குடிப் பக்கம் போயி மூடை மூடையாக் கொண்டு வந்து, யூரியாவோட சேத்து உலையில வச்சுக் கரியாக்குனா. நாலு மாசம் வராண்டா பூரா மூச்சு விட முடியல. பக்கத்து பாட்டனி டிப்பார்ட்மெண்ட்லேந்து எழுதியே குடுத்துட்டாவ.

அவ மொத நாளு லேப்புக்கு வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பைய வந்து, "அண்ணே, ஒரு பீடு வேணும்"ன்னு கேட்டா. பீடு தெரியும்லா, அந்த காந்தக் குச்சி. வெள்ளையா மாத்திர கணக்கா இருக்கும், அடுப்புக்குள்ள காந்தம் சுத்த, இது பிளாஸ்க்குக்குள்ள கெடந்து சுத்திக் கலக்கும். எங்கிட்ட அப்பம் பதினாலு பீடு இருந்துச்சு. பதிமூணு வெள்ள, ஒண்ணு மட்டும் சாம்பக் கலரு. அதுக்குக் கருப்பன்னு நான் வச்ச பேரு. அவளுக்கு முன்ன ஜெபராஜ்னு ஒரு பையன் இருந்தான், இப்பம் கொரியாவுல இருக்கான். அவன் ஆறு வருசம் அந்த ஒத்தப் பீட வச்சுத்தான் அத்தனையும் செஞ்சான். ஒண்ணு தப்புனது கெடையாது. வேற பீடு போட்டா சண்டித்தனம் பண்ணும், கருப்பனப் போட்டா கப்புன்னு வந்துரும். ராசி சார். கெமிஸ்ட்ரிக்காரங்க ராசிய நம்ப மாட்டேம்பாங்க, ஆனா பரீட்ச வச்ச அன்னைக்கு எந்த பேனாவ எடுத்துட்டு வாரானுவன்னு பாருங்க.

கழுவுதது என் சோலி. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம எல்லாப் பீடையும் ராஜ திராவகத்துல போட்டு எடுக்கணும். அது நெல்லைநாயகம் சார் போட்ட சட்டம். உப்பமிலம் மூணு பங்கு, வெடியமிலம் ஒரு பங்கு. தங்கத்தையே கரைச்சிரும், மத்த உலோகம் எந்த மூலைக்கு? போட்டு எடுத்து, நோட்டுல எழுதி, கையெழுத்துப் போடணும். "பீடு பதினாலு, அமிலக் கழுவல், சரி, தளவாய்." ஒரு வாரம் தவறுனது இல்ல. நான் மேலுக்கு முடியாம கெடந்தாக்கூட திங்கக்கெழம வந்து போட்டுருவேன்.

கருப்பன மட்டும் போட மாட்டேன்.

எப்படி சார் போட மனசு வரும்? இருக்க ராசியெல்லாம் அமிலத்துல கரைஞ்சு போச்சுன்னா? அதுக்குத் தனியா சோப்புத் தண்ணி, பெறவு கொஞ்சம் அசிட்டோன், ஒரு வெள்ளத் துணியில தொடைச்சு என் மேச டிராயர்ல வச்சிருவேன். பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி. அத எடுத்து அந்தப் புள்ள கையில குடுத்தேன். "இந்தா, இத வச்சுக்கோ, ஒனக்கு எல்லாம் நல்லா வரும்"ன்னேன். வந்துச்சா இல்லையா? ரெண்டாவது மாசமே நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு வந்துச்சு. பனங்கொட்டைக் கரி, பச்சத் தண்ணி, உலோகமே இல்லாம ஒட்டிக்கிட்டு. நெல்லைநாயகம் சார் லேப் நடுவுல நின்னு கை தட்டுனாவ. வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, பொறத்தால பீரோ பக்கத்துல நான் நிக்கேன், பாதி மூஞ்சி தெரியும்.

மூணு வருசம் அப்படி ஓடிச்சு. அதுக்கப்பறம் வந்துச்சு ஒரு ஈமெயில். எந்த ஊருக்காரன்னு எனக்கு வாயில வராது. "நீங்க எழுதுன மாதிரியே பண்ணுதோம், எங்களுக்கு ஒண்ணும் வரல. ஒங்க கரியில கொஞ்சம் அனுப்புங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டிருந்தானாம். இந்தப் புள்ள என்ன பண்ணுனா, வெளிநாட்டுக்குப் போற சரக்கு, சுத்தமா இருக்கணும்னு எல்லாத்தையும் புதுசா எடுத்தா. புதுக் கரி, புது பிளாஸ்க், அப்பம்தான் வந்த பெட்டியப் பிரிச்சு புதுப் பீடு. அனுப்புததுக்கு முன்ன ஒரு தடவ செஞ்சு பாப்போம்னு செஞ்சா. சுழியம். மறுபடியும் செஞ்சா. சுழியம். மூணு வாரம் சார். சாப்பாட்டுப் பாத்திரம் வந்தபடியே திரும்பிப் போவும். ஒரு நாளு மருந்து நிறுக்குத பேலன்ஸ் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தா.

எனக்குப் பொறுக்கல. போயிப் பாத்தா, பிளாஸ்க்குக்குள்ள வெள்ளப் பீடு கெடந்து சுத்திட்டிருக்கு. அட கூறு கெட்டவளே, கருப்பன எங்கன்னேன். "எந்தப் பீடு சுத்துனா என்னண்ணே"ங்கா. டிராயரத் தொறந்து எடுத்துக் குடுத்தேன். போட்டா. சாயங்காலம் பாத்தா தொண்ணூத்தி ஒண்ணு.

அந்த நிமிசம் எனக்கு இருந்த பெருமைய எங்கிட்டு வச்சுக்க? அஞ்சு எம்.எஸ்சி.யும் மூணு பி.எச்.டி.யும் நிக்க எடத்துல, பத்தாங்கிளாஸ் தளவாய் கண்டுபுடிச்சான். நெல்லைநாயகம் சாரும் "அப்பாடா, சரியாயிட்டு, பதில எழுதிப் போடு"ன்னுட்டாவ.

வேற யாரா இருந்தாலும் அத்தோட சாமியக் கும்புட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. இவ போவல. கருப்பனக் கையில வச்சு உருட்டி உருட்டிப் பாக்கா. மறுநாளு வந்தா, ஒரு பிளாஸ்க்குல மருந்து போட்டா, தண்ணி ஊத்துனா, கருப்பனப் போட்டா, கரியப் போடல. "என்னம்மா, கரிய மறந்துட்டியே"ன்னேன். "மறக்கலண்ணே"ன்னா. சாயங்காலம் வரைக்கும் அந்த அடுப்புக்கு முன்னாலயே ஸ்டூலப் போட்டு உக்காந்திருந்தா.

தொண்ணூறு வந்துச்சு சார். பனங்கொட்டைக் கரி ஒரு குந்துமணி கூட இல்லாம.

பெறவு கருப்பன எங்கயோ பெரிய மெஷினுக்கு அனுப்புனா. அதுமேல உள்ள கீறல்லயெல்லாம் பல்லேடியம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. ஜெபராஜ் பல்லேடியம் போட்டுத்தான ஒட்டுனான், அந்தக் காலத்துச் சரக்கு. ஆறு வருசமா கெடந்து ஊறி உள்ள உக்காந்துட்டு. தரகரே இல்லாம கல்யாணம் நடந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, ஆனா தரகரு பந்தியிலதான் இருந்திருக்காரு.

இதுல எனக்கு என்ன வருத்தம்னா, லேப்ல உள்ள சின்னப் பயலுவ எல்லாம் "அழுக்குப் பீடு, அழுக்குப் பீடு"ன்னு பேச ஆரம்பிச்சிட்டானுவ. அழுக்கா? நான் கழுவுன சாமான்லயா? இருபத்தாறு வருசத்துல என் பிளாஸ்க்குல ஒரு பொட்டு இருந்ததா எவனாவது சொல்லட்டும். வாழையிலையத் தூக்கிப் போட்டுட்டு என் பிளாஸ்க்குல சோத்தப் போட்டுத் திங்கலாம். அழுக்கு வேற, ராசி வேற சார். அது இந்த மூதிகளுக்குப் புரியாது.

சரி, சவத்த விடுங்க. கதைக்கு வாறேன். இந்தப் புள்ள நேரா நெல்லைநாயகம் சார்ட்டப் போயி, "சார், அந்த வெளிநாட்டுப் பத்திரிகையில போட்ட பேப்பரத் திருப்பி வாங்கிருவோம்"ன்னு சொல்லிட்டா. சார் ஏசுனாவ பாருங்க ஒரு ஏச்சு. "ஒரு பீடு தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கோ, வேற சோலியப் பாரு"ன்னாவ. அவ அசையல. ஆறு மாசம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது. நடுவுல நாந்தான் தூது. "அவளச் சொல்லு", "சார்ட்டச் சொல்லுங்கண்ணே", இதே பொழப்பு.

ஒரு நாளு மூணு பிளாஸ்க்கக் கொண்டுபோயி சார் மேசையில வச்சா. "நீங்களே ஒங்க கையால செஞ்சு பாருங்க சார். கரி மட்டும் ஒண்ணு, கருப்பன் மட்டும் ஒண்ணு, ரெண்டும் சேந்து ஒண்ணு. நான் ரூமுக்குள்ளயே வர மாட்டேன்"னுட்டா. சார் பிளாஸ்க்கத் தொட்டுப் பன்னெண்டு வருசம் இருக்கும். பீரோவுலேந்து பழைய கோட்ட எடுத்துக் குடுத்தேன், பொத்தான் பூட்ட மாட்டேங்கு, வயிறு. அப்படியே தொறந்த கோட்டோட நின்னு செஞ்சாவ. சாயங்காலம் அந்த மூணு ரிசல்டையும் பாத்துட்டு, கண்ணாடியக் கழத்தித் தொடைச்சுட்டே இருந்தாவ. மறுநாளு காலையில பேப்பரத் திருப்பி வாங்குத கடுதாசியில கையெழுத்துப் போட்டு அவகிட்டக் குடுத்தாவ. எனக்கு அவங்க மேல அன்னைக்குத்தான் மரியாத கூடிச்சு. ஆனா அதச் சொல்லிராதீங்க.

பேப்பர் போச்சு. மூணு வருசம் போச்சு. கூடப் படிச்சவளுக எல்லாம் கல்யாணமாயி, வேலைக்குப் போயி, எவளோ ஒருத்தி புள்ளையையே பள்ளிக்கூடத்துல சேத்துட்டா. இவ மொதல்லேந்து ஆரம்பிச்சா. பீடப் பத்தியே ஆராய்ச்சி. புதுப் பீடா வாங்கி, வேணும்னே பல்லேடியத்துல போட்டுக் கெடுத்து, பெறவு ராஜ திராவகத்துல போட்டுக் கழுவி, எவ்வளவு போச்சு எவ்வளவு இருக்குன்னு பாத்தா. அப்பம்தான் எங்கிட்ட வந்து கழுவல் நோட்டக் கேட்டா. எட்டு வருசத்து நோட்டு, ஒரு பக்கம் கிழியாம வச்சிருந்தேன். எடுத்துக் குடுத்தேன். கட்டிப் புடிக்காத கொறைதான். "தளவாய்ண்ணே, இந்த மாதிரி ஒரு ரெக்கார்டு எந்த லேப்லயும் கெடையாது"ன்னா.

மூணு தடவ கேட்டா சார். "அண்ணே, நெசமா எல்லா வெள்ளிக்கிழமையும் போட்டீங்களா? பதினாலையும் போட்டீங்களா?"ன்னு. எனக்கு ஏற்கனவே அந்த அழுக்குப் பேச்சுல வயித்தெரிச்சல். சத்தியமாப் போட்டேன்னு சொன்னேன். பின்ன என்ன, கருப்பன் ஒண்ண மட்டும் விட்டேன்னு சொன்னா, தளவாய் ஒழுங்காக் கழுவ மாட்டான்னு அந்தப் பயலுவ பேச மாட்டானுவளா? அவளுக்கும் அது எதுக்கு? ஒரு பீடுதான.

அந்த நோட்டுல ஒரு பக்கம் இந்தத் தீசிஸ்ல கடைசியில அச்சாயி வந்துருக்கு, தெரியுமா? பின்னிணைப்புன்னு. புரட்டுங்க, இன்னும் பொறத்தால... அதான். அன்னா, அது என் கையெழுத்துதான். "த"வுக்கு வால் நீட்டிப் போட்டிருக்கேம்லா. முன்பக்கம் நன்றியிலயும் என் பேரு இருக்கு, நெல்லைநாயகம் சாருக்கும் அவ அம்மைக்கும் நடுவுல. எங்க வீட்டுல அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து பிரேம் போட்டு வச்சிருக்கோம்.

என்ன சார், ஏன் சடார்னு நடுவுக்குத் திருப்புதீங்க? அந்தப் பக்கத்துல என்ன? அது பூரா இங்கிலீசு, எனக்குத் தெரியாது. நீங்களே தமிழ்ல சொல்லுங்களேன்.

நானூத்திப் பதினாறா? நானூத்திப் பதினாறு தடவையா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்? சரிதான், எட்டு வருசம்லா.

ம்.

இருங்க சார், பைய சொல்லுங்க. புதுசாக் கெடுத்த பீடெல்லாம் ஒரே கழுவல்ல சுத்தமாயிட்டு, சரி. கருப்பன் மட்டும் நானூத்திப் பதினாறு தடவ ராஜ திராவகத்துல குளிச்சும் சுத்தமாவல, சரி... அதனால, வருசக்கணக்கா ஊறுன உலோகம் அமிலத்துக்கே அசையாதுன்னு எழுதிருக்காளா? அதுதான் இந்த அத்தியாயமா? அதுதான் புதுசாக் கண்டுபுடிச்சதா?

ஆனா அது குளிக்கவே இல்லையே சார்.

நான் இப்பம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். வயசாயிட்டு, ஞாபகம் முன்னப் பின்ன இருக்கும். ஒண்ணு ரெண்டு தடவ போட்டிருப்பேன்...

இல்ல சார். போடல. ஒரு தடவ கூடப் போடல. அந்தப் பென்சிலக் கீழ வச்சிருங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்.

அப்பம் மொதத் தடவ அவ கவுந்ததும் என்னாலதான். நான் போட்டுக் கழுவியிருந்தா கரி வேல செய்யாதுன்னு ரெண்டாவது மாசமே தெரிஞ்சிருக்கும். வேற ஏதாவது பண்ணிருப்பா. மூணு வருசம். நான் ராசின்னு நெனச்சுக் குடுத்தேன் சார். இப்பம் ரெண்டாவது தடவையும் நாந்தான். அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுனா? நோட்டுல என்ன இருக்கோ அத நம்புனா. என் வாய நம்புனா.

திருப்பி எழுதிட்டு வான்னு சொல்லிருவீங்களா? எத்தன மாசம்? ஆறா? ஜூன் ஒண்ணாந் தேதி சார். அந்த வேலைய வேற எவனுக்காவது குடுத்துருவான். நீங்க இதக் கேக்காம விட்டுருங்களேன். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல. நாம வெயிலப் பத்திப் பேசிட்டு வந்தோம். யாருக்குத் தெரியப் போவுது?

ஏன் சார் மூஞ்சியத் திருப்பி வெளிய பாக்கீங்க?

தெரியும். எனக்கே தெரியுது. அவ கருப்பனத் தொலைச்சுட்டேன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் பட்டம் வாங்கி மூணு வருசம் ஆயிருக்கும். சொல்ல மாட்டேன்னுட்டா. அவளுக்காக நான் போயி இப்பம் மறைக்கச் சொல்லுதேன். உங்ககிட்ட.

நெல்லைநாயகம் சார் பேசாதன்னு சொன்னாவ. கேட்டிருந்தா...

இல்ல, கேட்டிருந்தாலும் கருப்பன் குளிக்காதது குளிக்காததுதான்.

ஒரு நிமிசம் சார். நான் அவளுக்கு ஒரு போனப் போடுதேன். உங்க வாயிலேந்து அங்க அத்தன பேருக்கு முன்ன கேக்கத விட, என் வாயிலேந்து இப்பமே கேட்டுறட்டும்.

அம்மா செண்பகம், நான் தளவாய்ண்ணன் பேசுதேன். ஆமா, கேட்லதான் நிக்கோம். சார் நல்லாருக்காவ. டீக்கு மிச்சர் வந்துட்டா, சரி, அது கெடக்கட்டும். ஒரு விசயம் சொல்லணும். நான் ஒரு பொய் சொல்லிருக்கேன். கருப்பன நான் ராஜ திராவகத்துல போடவே இல்ல. நோட்டுல பதினாலுன்னு எழுதுவேன், பதிமூணுதான் போடுவேன். அது ராசின்னு... ஆமாம்மா. ஒரு வெள்ளிக்கிழம கூட இல்ல. சோப்புத் தண்ணியும் அசிட்டோனும்தான். நீ மூணு தடவ கேட்ட, நான் மூணு தடவையும் பொய்தான் சொன்னேன்.

தாளப் புரட்டுத சத்தம் கேக்கு சார். லைன்ல இருக்கா.

என்னம்மா? ஆமா, மத்த பதிமூணையும் போட்டேன், சத்தியமா. சரி, சத்தியம் வேண்டாம். போட்டேன். எல்லா வாரமும் போட்டேன். ஆமா. ஆமா... என்னது? அழுகியா? என்னம்மா சொல்லுத, எனக்குப் புரியல.

சார், சிரிக்கா. அழுகாளான்னு நெனச்சேன், சிரிக்கா. "அப்பம் சரியா வருதுண்ணே, இப்பம்தான் எல்லாம் சரியா வருது"ங்கா. மத்த பீடு எல்லாம் ஒரே கழுவல்ல சுத்தமாவுது, கருப்பன் மட்டும் ஏன் சொன்ன பேச்சு கேக்கலன்னு ரெண்டு வருசமா அவ மண்டைக்குள்ள உறுத்திட்டே இருந்துச்சாம். தூக்கத்துல கூட அந்தக் கணக்குத்தானாம். வேற வழியில்லாமத்தான் அப்படி எழுதுனாளாம். அமிலம் நல்லாத்தான் வேல செய்யுதாம். நாந்தான் செய்யல.

ஏசியிருந்தா நல்லா இருந்துருக்கும் சார். எங்கம்மை பாணியில நாலு வார்த்த ஏசியிருந்தா வாங்கிட்டு நிம்மதியா இருந்துருப்பேன். "சொன்னீங்களே, ரொம்ப தேங்க்ஸ்ண்ணே"ங்கா. ஏழு வருசத்தக் கெடுத்தவன்கிட்ட.

சொல்லும்மா. ஆமா, பக்கத்துலதான் இருக்காவ. அந்தப் பக்கத்தத்தான் தொறந்து வச்சிருக்காவ. எல்லாம் தெரியும், நாந்தான் ஒளறிட்டேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா, நான் அவங்க கால்ல விழுந்தாவது... சரி. சரி. கோவப்படாத. குடுக்கேன்.

சார், உங்ககிட்டப் பேசணுங்கா. அவ தீசிஸ்ல ஒரு அத்தியாயம் தப்புன்னு அவளே சொல்லணுமாம். ஹால்ல வந்து நீங்க கேக்கதுக்கு முன்னயே சொல்லிறணுமாம். ஜூன் போனாப் போவுதுங்கா.

இந்தாங்க, பேசுங்க. நான் எறங்கி அங்கன நிக்கேன் சார். பக்கத்துல இருந்தா நடுவுல பேசிருவேன்.